சாட்சிக் கூண்டருகே நின்றவன் எழுதும் மடல்

நம் குடியிருப்போர் நலச்சங்கத்தின் தலைவர், செயலாளர், செயற்குழுவினர் ஆகியோருக்கும், சென்ற ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் கை தூக்கிய 31 பேருக்கும் வணக்கம்.

அந்த 31 கைகளில் ஒன்று என்னுடையது. அதை மறைத்துவிட்டு இந்த மடலை எழுத எனக்கு உரிமை இல்லை.

அன்று ஊரில் இல்லாதவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொருளாளர் பொறுப்புக்கு இரண்டாம் தளத்தில் இருக்கும் ஓய்வுபெற்ற பொறியாளரின் பெயரை ஒருவர் முன்மொழிந்தார். கணக்கு தெரிந்தவர், பராமரிப்புக் கட்டணத்தை ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடாதவர் என்றார். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது: "சாமியே இல்லை என்கிறவரிடமா பெட்டிச் சாவியைக் கொடுப்பது? தப்புச் செய்தால் அவருக்கு யாரிடம் பயம்?" சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்குவதற்குள் வேறொரு பெயர் முன்மொழியப்பட்டது, கைகள் எழுந்தன. பக்கத்தில் இருந்தவர் தூக்கினார், நானும் தூக்கினேன். பொறியாளர் "சரி" என்ற ஒரே சொல்லோடு எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

இதோடு முடிந்திருந்தால் நானும் வழக்கம்போல வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். மறுநாள் மினிட் புத்தகத்தில் கையெழுத்துப் போட வந்தபோது ஒரு வரியைப் பார்த்தேன்: "இறைநம்பிக்கை உள்ள உறுப்பினரே பொருளாளராக இருப்பது நலம் என்று பொதுக்குழு கருதியது." பதிவேடு எழுதியே 33 ஆண்டுகள் சோறு தின்றவன் நான். வாயால் சொன்னது காற்றோடு போய்விடும். புத்தகத்தில் ஏறிய வரி அப்படிப் போகாது. நாளை நம் பேரப்பிள்ளைகள் அதை எடுத்துப் பார்த்து, "இதுதான் விதி போலிருக்கிறது" என்பார்கள்.

உங்களில் பலருக்கு என்னைக் காலையில் வேட்டியும் திருநீறுமாகக் கோயிலுக்குப் போகிறவனாகத்தான் தெரியும். வேலையில் இருந்த காலத்தில் மதுரைப் பக்கத்து முன்சீப் நீதிமன்றங்களில் பெஞ்ச் கிளார்க்காக இருந்தேன். டவாலி மூன்று முறை பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சாட்சி வந்து கூண்டில் ஏறுவார், நான் பிரமாண வாசகத்தைச் சொல்லுவேன், அவர் திருப்பிச் சொல்லுவார். சினிமாவில் வருகிற கீதைப் புத்தகம் எங்கள் மேசையில் ஒரு நாளும் இருந்ததில்லை. கம்பெனி ஆட்சியில் இந்துக்களுக்குக் கங்கை நீரும் முஸ்லிம்களுக்குக் குர்ஆனும் கொடுத்துச் சத்தியம் வாங்கும் வழக்கம் இருந்தது. 1840இல் ஒரு சட்டம் போட்டு அதை நிறுத்திவிட்டார்கள். இப்போது நடப்பில் இருப்பது 1969ஆம் ஆண்டின் பிரமாணச் சட்டம். அதன் அட்டவணையில் இரண்டு வாசகங்கள் இருக்கின்றன. "நான் சொல்லப்போவது உண்மை, முழு உண்மை, உண்மையைத் தவிர வேறில்லை" என்பது இரண்டுக்கும் பொது. தொடக்கம்தான் வேறு. ஒன்று கடவுளின் பெயரால் ஆணையிடுவது, மற்றது உளமார உறுதி கூறுவது. எதைச் சொல்லிவிட்டுப் பொய் சொன்னாலும் தண்டனை ஒன்றுதான், ஏழு ஆண்டு வரை சிறை. கடவுளை அழைத்தவருக்கு ஒரு மாதம் கூடவும் இல்லை, அழைக்காதவருக்கு ஒரு நாள் குறையவும் இல்லை.

இத்தனை ஆண்டுகளில் எத்தனை ஆயிரம் பேருக்கு அந்த வாசகத்தைச் சொல்லிக்கொடுத்திருப்பேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. சொல்லிக்கொடுத்துவிட்டு ஓர் அடி தள்ளி உட்கார்ந்து, அடுத்து வரும் பொய்களைக் கேட்பதும் என் வேலையாகவே இருந்தது. புரோநோட்டு வழக்கு ஒன்று ஞாபகம் வருகிறது. நெற்றி நிறையப் பட்டை, கழுத்தில் உருத்திராட்சம். "இது உங்கள் கையெழுத்துதானே?" என்று வக்கீல் கேட்டார். கண்ணை மூடி, "அந்த ஈசுவரனுக்குத் தெரியும், என் கையெழுத்து இல்லை" என்றார். வாசலில் வருகைக்குப் போட்ட கையெழுத்தின் மை இன்னும் காயவில்லை. இரண்டும் ஒரே சுழி. இதை மட்டும் எழுதி நிறுத்தினால் கறுப்புச் சட்டைக்காரர்கள் கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டல் எனக்கு வேண்டாம். வேறொரு வழக்கில், கடவுள் பெயர் வேண்டாம் என்று அழுத்தந்திருத்தமாகச் சொல்லி உளமார உறுதி எடுத்துக்கொண்ட ஒருவர், தம் தங்கைக்குச் சொத்தில் பங்கு கொடுத்தாகிவிட்டது என்று கூசாமல் சொன்னார். அந்தத் தங்கை பின் பெஞ்சில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். எந்த வாசகம் சொன்னவர்கள் அதிகம் பொய் சொன்னார்கள் என்று என்னைக் கேட்டால், எனக்கு வித்தியாசம் தெரியவில்லை என்பதுதான் பதில்.

"அப்படியானால் சாமி பயமே பொய்யா?" என்று நீங்கள் கேட்பீர்கள். அதுவும் இல்லை. ஒரு வரப்புத் தகராறில் சாட்சி சொல்ல ஒரு மூதாட்டி வந்தார். வக்கீல் சொல்லிக்கொடுத்ததை ஒரு சொல் பிசகாமல், கடவுள் பெயரால் ஆணையிட்டு, சொல்லி முடித்தார். வெளியே புங்க மரத்தடியில் எதிர்த்தரப்புக்காரர் அவரை வழிமறித்தார். "ஆத்தா, இதையே அழகர்கோயிலுக்கு வந்து பதினெட்டாம்படியான் கதவு முன்னால் சொல்லிவிடு. நான் வழக்கையே விட்டுவிடுகிறேன்" என்றார். கிழவியின் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அடுத்த வாய்தாவுக்கு இரண்டு தரப்பும் சமாதான மனுவோடு வந்துவிட்டார்கள். கருப்பசாமியின் கதவு சாதித்ததை எங்கள் நீதிமன்றம் சாதிக்கவில்லை. இதை நான் மறைக்கப்போவதில்லை.

ஆனால் அதிலும் ஒன்றைக் கவனியுங்கள். அந்த அம்மாளுக்கு இறைநம்பிக்கை காலையிலும் இருந்தது, மாலையிலும் இருந்தது. காலையில் அதே நம்பிக்கையோடுதான் பொய் சொன்னார். சட்டம் எழுதிவைத்த கடவுளுக்கு அரிவாள் இல்லை, கதவில்லை, காவல் இல்லை. அவர் பயந்தது பொதுவான ஒரு கடவுளுக்கு இல்லை, தன் ஊர்ச் சாமிக்கு. நம் பொருளாளரின் நேர்மைக்கு அந்தப் பயம்தான் பிணை என்றால், மாதாமாதம் கணக்குப் புத்தகத்தோடு அவரை அழகர்கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கும். வேன் வாடகையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று செயலாளர்தான் சொல்ல வேண்டும்.

பயத்துக்குப் பரிகாரம் என்று ஒன்றும் உண்டு. இதைப் பிறரை வைத்துச் சொல்லாமல் என்னை வைத்தே சொல்கிறேன். பணியில் சேர்ந்த புதிதில் கொஞ்ச காலம் நகல் பிரிவில் இருந்தேன். தீர்ப்பு நகலைச் சீக்கிரம் எடுத்துக் கொடுத்தால் காபிச் செலவுக்கு என்று பத்தோ இருபதோ கையில் திணிப்பார்கள். வாங்கினேன். வெள்ளிக்கிழமை மீனாட்சி அம்மன் கோயிலுக்குப் போய் அதில் ஒரு பங்கை உண்டியலில் போட்டேன். மனசு லேசாகிவிடும். திங்கட்கிழமை மறுபடி வாங்குவேன். என் பக்தியில் குறை ஒன்றும் இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பக்திதான் திங்கட்கிழமைக்கு வழி செய்து கொடுத்தது. பிறகு பக்கத்து மேசைக்கு ஒருவர் மாற்றலாகி வந்தார். எனக்குப் புத்தி சொல்லவில்லை, முறைத்துக்கூடப் பார்க்கவில்லை. வந்த நகல் மனுக்களுக்கெல்லாம் வந்த வரிசையில் சிவப்பு மையில் எண் போட்டு, பட்டியலை ஜன்னல் பக்கம் ஒட்டிவிட்டார். யாருடையது எப்போது வரும் என்று வெளியே நிற்பவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு எனக்கு எதற்குக் காசு கொடுப்பார்கள்? நின்றுபோனது. அவர் சாமி கும்பிடுகிறவரா, கும்பிடாதவரா என்பது இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கவும் தோன்றவில்லை.

மற்றவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்தவன் என்பதால் எனக்குப் பிடித்த சட்டப் பிரிவு ஒன்று உண்டு. சாட்சி சொல்ல வருவது 12 வயதுக்கு உட்பட்ட குழந்தை. உண்மை சொல்ல வேண்டும் என்பது அதற்குப் புரிகிறது, ஆனால் சத்தியம் என்றால் என்ன என்பது புரியவில்லை. அப்படி நீதிபதி கருதினால் சத்தியம் வாங்காமலே சாட்சியத்தைப் பதியலாம். அந்தச் சாட்சியம் செல்லும். உண்மை சொல்ல வேண்டிய கடமையும் அந்தக் குழந்தைக்கு அப்படியே இருக்கும். உண்மை வேறு, சத்தியம் வேறு என்று சட்டமே பிரித்து வைத்திருக்கிறது பாருங்கள். நீதிபதிகள் குழந்தைகளிடம் முதலில் கேட்பது, "பொய் சொன்னால் என்ன ஆகும்?" என்பதைத்தான். "சாமி கண்ணைக் குத்தும்" என்ற பதிலைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஒரே ஒரு சிறுமி, ஏழு வயதிருக்கும், கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்புறம் நான் நிஜம் சொன்னாலும் நீங்கள் நம்ப மாட்டீர்கள்" என்றாள். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கண்ணைக் குத்தும் என்ற குழந்தைகளின் சாட்சியத்தையும் எடுத்துக்கொண்டோம், இவளுடையதையும் எடுத்துக்கொண்டோம். இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்பு எழுத யாரும் கேட்கவில்லை.

பின்வரிசைக் குரலுக்கு வருகிறேன். அந்தக் குரலுக்கு ஒரு வம்சாவளி உண்டு, சாதாரண வம்சாவளியும் இல்லை. மதச் சகிப்புத்தன்மைக்காக வாதாடி 1689இல் வெளியான மடலிலேயே, ஜான் லாக் என்ற ஆங்கிலேய அறிஞர் கடவுளை மறுப்பவர்களை மட்டும் சகிக்கக் கூடாது என்று எழுதினார். வாக்குறுதியும் ஒப்பந்தமும் சத்தியமும் அவர்களைக் கட்டுப்படுத்தாதாம். அவருக்குச் சில ஆண்டுகள் முன்பே பியேர் பேல் என்ற பிரெஞ்சுக்காரர், கடவுள் மறுப்பாளர்கள் மட்டுமே வாழும் சமூகம்கூட ஒழுங்காக நடக்க முடியும் என்று எழுதியிருந்தார். ஆக, நம் வாகன நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு நாம் நடத்திய சண்டைக்கு முந்நூறு வயதுக்கு மேல் ஆகிறது.

லாக்கின் பயம் நடைமுறையில் எப்படி முடிந்தது என்பதற்குச் சார்லஸ் பிராட்லா கதை போதும். நார்த்தாம்ப்டன் தொகுதி மக்கள் 1880இல் இவரைப் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். இவர் பேர்போன நாத்திகர். கடவுள் பெயரைச் சொல்லாமல் உறுதிமொழி எடுக்க அனுமதி கேட்டார், மறுத்தார்கள். சரி, வழக்கமான சத்தியத்தையே எடுக்கிறேன் என்றார், அதையும் எடுக்கக் கூடாது என்றார்கள். ஒரு நாள் பிடித்து நாடாளுமன்ற மணிக்கூண்டில் அடைத்தே வைத்தார்கள். தொகுதி காலி என்று அறிவிப்பார்கள், அதே மக்கள் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். இப்படியே ஆறு ஆண்டுகள். 1886இல்தான் உட்கார விட்டார்கள். உட்கார்ந்தவர் 1888இல், விரும்புகிறவர்கள் கடவுள் பெயர் இல்லாமல் உறுதி கூறலாம் என்று சட்டமே கொண்டுவந்துவிட்டார். இந்தியாவுக்காக அந்த அவையில் ஓயாமல் பேசியவரும் அவர்தான். 1891இல் அவர் இறந்தபோது, லண்டனில் படித்துக்கொண்டிருந்த ஓர் இந்திய மாணவர் அடக்கத்துக்குப் போயிருந்தார். மோகன்தாஸ் காந்தி என்று பெயர்.

இதில் எனக்குச் சிரிப்பு வரும் இடம் ஒன்று உண்டு. பிராட்லா பொய்யராக இருந்திருந்தால் வாயைத் திறக்காமல் முதல் நாளே சத்தியம் செய்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாரே! நம் பொறியாளருக்கும் அதேதான். விநாயகர் சதுர்த்தியன்று கீழே வந்து இரண்டு தோப்புக்கரணம் போட்டிருந்தால் சாவி அவர் கையில். போடவில்லை. பணத்துக்காகவோ பதவிக்காகவோ பொய் சொல்லக்கூடியவரைத் தடுக்கத்தான் இந்த நிபந்தனை என்கிறீர்கள். அப்படிப்பட்டவர் திருநீற்றைப் பூசிக்கொண்டு தாராளமாக உள்ளே வந்துவிடுவார். வாசலில் நிற்கப்போவது பொய் சொல்ல மறுத்தவர் மட்டும்தான்.

இப்படி ஒரு வாக்கெடுப்பு நம் நாட்டில் முன்பும் நடந்திருக்கிறது. 1949 அக்டோபர் 17 அன்று அரசியல் நிர்ணய சபையில், அரசியலமைப்பின் முகப்புரை "கடவுளின் பெயரால்" என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் திருத்தம் கொண்டுவந்தார். கடவுளை வாக்கெடுப்புக்கு விடும் சங்கடத்தில் எங்களைத் தள்ளாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கேட்டுக்கொண்டார். திருவிதாங்கூரிலிருந்து வந்திருந்த பட்டம் தாணு பிள்ளை, இது நம்பிக்கை விஷயத்தில் கட்டாயப்படுத்துவது ஆகாதா என்று கேட்டார். காமத் விடவில்லை. கை தூக்கினார்கள். ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்துத் தூக்கிய அந்தக் கைகளெல்லாம் நாத்திகரின் கைகள் என்று யாராவது சொன்னால் சிரிப்புத்தான் வரும். சாமி கும்பிடுகிறவர்கள்தான், சாமி கும்பிடாதவனுக்கும் அந்த முகப்புரை சொந்தமாக இருக்கட்டும் என்று முடிவு செய்தார்கள். அமைச்சராகிறவருக்கும் நீதிபதியாகிறவருக்கும்கூட அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை இரண்டு வழிகளையும் வைத்திருக்கிறது. உயர் நீதிமன்ற நீதிபதிக்கு இல்லாத நிபந்தனை நம் மூன்று தளப் பொருளாளருக்கு எதற்கு? சங்கங்களுக்கான 1975ஆம் ஆண்டுச் சட்டம் கணக்கு வைக்கச் சொல்கிறது. பொருளாளர் எந்தக் கோயிலுக்குப் போகிறார் என்று அது கேட்கவில்லை. பெரியாரே ஒரு காலத்தில் ஈரோட்டில் தேவஸ்தானக் கமிட்டிப் பொறுப்பை ஏற்று நடத்தியவர்தான் என்பதையும், கோபித்துக்கொள்ளாமல் நினைத்துப் பாருங்கள்.

நம் மொழியே இதில் நமக்கு முன்னால் போய்விட்டது என்று எனக்கு ஒரு எண்ணம். ஆணையிடுவதையும் சத்தியம் என்கிறோம், உண்மையையும் சத்தியம் என்கிறோம். உள்ளே உறுத்துவதற்கு மனச்சாட்சி என்று பெயர் வைத்திருக்கிறோம். அந்தச் சாட்சியைக் கூப்பிட டவாலி தேவையில்லை. கடவுள் வாழ்த்தோடு தொடங்கிய வள்ளுவர்கூட, பொய் சொன்னவனைச் சுடும் வேலையை அவன் நெஞ்சிடம்தான் ஒப்படைத்தார். காந்தி 1931இல் "சத்தியமே கடவுள்" என்று வரிசையை மாற்றிச் சொன்னதும் இதுதான். ஆந்திரத்து நாத்திகர் கோரா தம் மகளின் சாதி மறுப்புத் திருமணத்தைச் சேவாகிராமத்தில் நடத்த விரும்பியபோது, கடவுள் பெயருக்குப் பதிலாகச் சத்தியத்தின் பெயரால் நடத்தச் சம்மதித்தார் காந்தி. அதற்குள் அவரைக் கொன்றுவிட்டார்கள். திருமணம் 1948இல் அதே சேவாகிராமத்தில் நடந்தது.

இனி, சொல்லக் கூச்சப்பட்டுத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த விஷயம். நம் முந்தைய பொருளாளர். ஆண்டுதோறும் மாலை போட்டு மலைக்குப் போகிறவர், வாரத்தில் மூன்று நாள் விரதம். அவரிடம் பணம் கொடுத்தபோது நாம் யாருமே ரசீது கேட்கவில்லை. "சாமியிடம் போய் ரசீதா?" என்று நானே சிரித்திருக்கிறேன். லிஃப்ட் பழுது பார்த்த வகையிலும் போர்வெல் மோட்டார் மாற்றிய வகையிலும் இப்போது 64,000 ரூபாய்க்குச் சீட்டு இல்லை. அவர் ஒரு ரூபாய்கூட எடுத்திருக்க மாட்டார் என்பது என் உறுதியான எண்ணம். மெக்கானிக் கேட்டபோதெல்லாம் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்திருப்பார், பிறகு மறந்திருப்பார். ஆனால் அவரால் அதைக் காட்ட முடியவில்லை. மாடிப்படியில் அவர் வந்தால் பேச்சு நின்றுவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு காலத்தில் அவர் பக்தியைப் பார்த்துச் சீட்டு வேண்டாம் என்றோம். இன்று சீட்டு இல்லாததைப் பார்த்து அவர் பக்தியையே சந்தேகிக்கிறோம். அந்த மனிதருக்கு இதைச் செய்தது நாத்திகர் யாரும் இல்லை. நாம்தான் செய்தோம், மரியாதை என்று நினைத்துக்கொண்டு.

பொறியாளருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, உங்களுக்காகப் பரிந்து பேசுவதால் உங்கள் வாயையும் ஏற்றுக்கொண்டேன் என்று நினைக்க வேண்டாம். "உண்டியலில் போட்டுப் பழகியவர்களுக்கு லஞ்சம் கொடுப்பது இயல்பாக வரும்" என்று தண்ணீர்த் தொட்டிக் கூட்டத்தில் சொன்னீர்கள். என்னைப் பொறுத்தவரை அது உண்மையாகவே இருந்தது என்பதை மேலே எழுதிவிட்டேன். ஆனால் என் மனைவியும் உண்டியலில் போடுகிறவர்தான், கடைக்காரர் தவறிக் கொடுத்த ஐந்து ரூபாயைத் திருப்பிக் கொடுக்க உச்சிவெயிலில் நடந்து போகிறவர். கும்பிடாதவன் திருடுவான் என்பதும் கும்பிடுகிறவன் திருடுவான் என்பதும் ஒரே அச்சில் வார்த்த இரண்டு செங்கல்கள். நீங்களும் கொஞ்சம் எறிந்திருக்கிறீர்கள்.

செயற்குழு என்ன செய்ய வேண்டும் என்றால், மினிட் புத்தகத்தின் அந்த வரியை அடுத்த கூட்டத்தில் அடித்துவிட வேண்டும். பொருளாளராக இப்போது தேர்ந்தெடுத்தவரே இருக்கட்டும், அவர் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. அவர் சாமி கும்பிட்டாலும் சரி, காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும். மாதக் கணக்கு லிஃப்ட் பக்கத்து அறிவிப்புப் பலகையில், ரசீது எண்ணோடு, ஐந்தாம் தேதிக்குள் ஒட்டப்பட வேண்டும். பழைய கணக்கைச் சரிபார்க்க ஒருவர் தேவை. மெக்கானிக்குகளைத் தேடிப் பிடித்து, தேதி தேதியாக எழுதி வாங்கி, முந்தைய பொருளாளரின் பெயரை மீட்டுக் கொடுக்கப் பொறுமை உள்ளவர் வேண்டும். அதற்குப் பொறியாளரின் பெயரை நான் முன்மொழிகிறேன். இருவரும் ஒரு மேசையில் உட்கார்ந்தால் முதல் நாள் சண்டை வரும். வரட்டும், டீ நான் வாங்கித் தருகிறேன்.

கடைசியாக, வாக்குகள் 31 என்று எழுதியிருப்பதை 30 என்று திருத்த வேண்டும். போட்ட ஓட்டைத் திரும்பப் பெற விதியில் இடம் இல்லை என்று செயலாளர் சொல்லக்கூடும். அப்படியானால் ஓரத்தில் ஒரு குறிப்பாவது எழுதட்டும். எழுதியதும் எனக்கு ஆள் அனுப்புங்கள். திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இல்லாவிட்டால் அது செல்லாது.

இப்படிக்கு,
மூன்றாம் தளத்து ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியன்